வைக்கோற் கூரையின் கீழ் ஒரு கிழமை

அயர்லாந்தின் மேற்குக் கரையோரத்திலுள்ள கிளேயர், கால்வே, டொனிகோல் முதலிய மாவட்டங்களுக்கு விடுமுறையைக் கழிக்கச் செல்வோருள் ஒரு சாரார் ஓட்டல்களை நாடுவதில்லை. சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவரும், வைக்கோல் வேய்ந்த கூரையும், சிவப்போ பச்சையோ தீட்டிய கதவும் உடைய ஒரு சிறு வீட்டினை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தாமே சமைத்து உண்டு, தாமே நெருப்பு மூட்டி, அதன் அருகில் மழையின் ஓசையைக் கேட்டபடி அமர்ந்திருந்துவிட்டுத் திரும்புகின்றனர். அயர்லாந்தைப் பற்றிய பட அட்டைகளில் மிகுதியாக இடம்பெற்றதும் இவ்வீடே. ஆயினும் இது படத்திற்கு அழகாயிருக்க வேண்டுமென்று எவரும் கட்டிய வீடன்று. விலைகொடுத்து ஒன்றும் வாங்க இயலாத மக்கள், காற்றுக்கும் மழைக்கும் அஞ்சி, கைக்கெட்டிய கல்லையும் மண்ணையும் புல்லையும் கொண்டு எழுப்பிய வீடு இது.

வாயிலிற் குனிந்து உள்ளே நுழையும் விருந்தினருக்கு முதலிற் கண் தெரிவதில்லை. சாளரங்கள் அத்துணைச் சிறியன. சுவரோ இரண்டடிக்கும் மேற்பட்ட தடிப்புடையது. கல் கிடைக்கும் இடங்களிற் கல்லாலும், கிடைக்காத இடங்களில் வைக்கோல் கலந்து மிதித்த களிமண்ணாலும் சுவர் எழுப்பினர். வீட்டின் அகலம் ஓர் அறையின் அகலமே. கூரையைத் தாங்கும் மரங்கள் நீளமானவையாகக் கிடைப்பது அரிதாதலால் வீட்டை அகலப்படுத்த இயலவில்லை. குடும்பம் பெருகியபோது வீடு நீளவாட்டில் வளர்ந்தது. நடுவே சமையற்கட்டு, அதன் இரு புறத்தும் ஒவ்வோர் அறை. பழைய வீடுகளின் அமைப்புப் பெரும்பாலும் இவ்வளவே. மரம் அருகிய பகுதிகளில், சதுப்பு நிலத்தின் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கருத்துக் கிடந்த ஓக் மரத்தையும் பைன் மரத்தையும் தோண்டியெடுத்துக் கைமரங்களாக அமைத்தனர்.

கூரையே இவ்வீட்டின் சிறப்பு. கைமரங்களின் மேல் நேரே வைக்கோலைப் பரப்பிவிடுவதில்லை. புல்லும் வேரும் மண்ணும் சேர்ந்த தரையை நீண்ட பாய்போல் வெட்டியெடுத்துச் சுருட்டிக்கொண்டு வந்து, முகட்டிலிருந்து கீழ்விளிம்பு வரை விரித்து, கயிற்றினால் மரங்களோடு தைத்துவிடுவர். அதன் மேலேதான் வைக்கோல் வரும். கோதுமை, ஓட்ஸ், ரை ஆகியவற்றின் தாள்களும், சிற்சில இடங்களில் ஆளிச் செடியின் தண்டும், ஷனன் ஆற்றையொட்டிய பகுதிகளில் நாணலும் பயன்பட்டன. காற்றுக் குறைந்த உள்நாட்டில், ஹேசல் அல்லது வில்லோ மரத்தின் மெல்லிய கோல்களைக் கொண்டையூசி போல் வளைத்து, வைக்கோலைக் கூரையோடு குத்தி இறுக்கினர். அத்லாந்திக் புயல் நேரே வந்து மோதும் மேற்கிலும் வடமேற்கிலும் இந்தக் குச்சிகள் போதா. அங்கே கூரை முழுவதன் மேலும் வலைபோலக் கயிறு கட்டி, கயிற்று நுனிகளைச் சுவரிற் பதித்த கல்முளைகளிற் பிணைத்தனர். முகடும் கூராக இராமல் உருண்டையாக அமைந்தது. காற்றுப் பிடித்துக்கொள்ள ஒரு முனையும் இருத்தலாகாது என்பது கருத்து.

கூரை பழுதானபோது பழைய வைக்கோல் முழுவதையும் களைந்து எறியும் வழக்கம் இல்லை. உக்கிய மேற்பகுதியை மாத்திரம் வாரி அகற்றிவிட்டு, எஞ்சியதன் மேல் புதியதைப் பரப்புவர். ஆகவே ஒரு பழைய கூரையின் அடுக்குகளிற் பல தலைமுறைகளின் அறுவடை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றது. அடியடுக்கு புகைபட்டுக் கரிநிறமாயிருக்கும். பயிரினங்களை ஆராய்வோர்க்கும் இஃது ஒரு களஞ்சியம். இக்காலத்தில் எவரும் விதைக்காத தானியங்களின் தாளும் கதிரும் அங்கே அகப்படும்.

வாயிற்கதவு குறுக்கே இரு பாதியாகப் பிளக்கப்பட்டது. மேற்பாதியைத் திறந்துவிட்டுக் கீழ்ப்பாதியைச் சாத்திவைத்தால், வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும். கோழியும் பன்றியும் வரமாட்டா. தவழும் குழந்தை வெளியே போகாது. அயலவர் வந்து முழங்கையை ஊன்றிநின்று கதை பேசுவதற்கும் அது வசதியாயிற்று. விருந்தினர் பெரிதும் விரும்பிப் படம் பிடித்துக்கொள்வதும் இந்த அரைக்கதவையே.

அடுப்பு வீட்டின் நெஞ்சு போன்றது. விறகு இல்லாத நாடாதலால், சதுப்பு நிலத்திற் படிந்துள்ள கரிமண்ணைச் செங்கல் வடிவில் வெட்டி, கோடை முழுவதும் வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, அதனையே எரித்தனர். கரிமண் சுடர்விட்டு எரிவதில்லை, கனன்று கொண்டேயிருக்கும். அதன் புகைக்குத் தனியான ஒரு மணம் உண்டு. அந்நாட்டை விட்டுச் சென்றோர் நெடுங்காலத்தின் பின்னும் மறவாதது அந்த மணத்தையே என்பர். அடுப்பின் ஓரத்தில் நாட்டிய இரும்புக் கையில் கெண்டியும் பானையும் தொங்கும். மூடியுள்ள இரும்புச் சட்டியில் மாவைப் பிசைந்து வைத்து, கீழும் மேலும் தணலிட்டு, சோடா ரொட்டி சுட்டனர்.

நகரத்திலிருந்து வந்தவர் முதல் இரவிலே நெருப்பை நன்றாக எரித்துத் தீர்த்துவிட்டு, விடியற்காலையிற் குளிரில் நடுங்கியபடி தீப்பெட்டியைத் தேடுவார். பழைய வீட்டுப் பெண்கள் அவ்வாறு செய்யவில்லை. படுக்கைக்குப் போகுமுன் தணலை ஒன்றுசேர்த்து, சாம்பலால் மூடி, ஒரு பிரார்த்தனையுஞ் சொல்லிவிட்டுப் போவர். காலையிற் சாம்பலை விலக்கினால் உயிருள்ள தணல் காத்திருக்கும். மூன்று தலைமுறையாக அணையாத நெருப்பு என்று பெருமை பேசிய வீடுகள் இருந்தன. நெருப்பு அணைந்த வீடு, குடும்பம் அழிந்த வீடு என்றே கொள்ளப்பட்டது.

விருந்தினருக்கு வழக்கமாகத் தரப்படும் படுக்கையறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1930களின் தொடக்கத்தில் கிளேயர் மாவட்டத்து உழவரிடையே வாழ்ந்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கொன்றட் அரென்ஸ்பேக், வீட்டின் மேற்கறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றார். மகன் மணமுடித்து நிலத்தை ஏற்கும் நாளில், தாயும் தந்தையும் சமையற்கட்டையும் அதிகாரத்தையும் விட்டு மேற்கறைக்குட் போய்விடுவர். குடும்பத்தின் நல்ல பொருள்களும், இறந்தோரின் படங்களும் அந்த அறையிலேயே இருந்தன. அதன்பின் அவர்கள் அங்கிருந்து செல்லும் பயணம் ஒன்றுதான். இன்று அதே அறையில் தம் மழைச்சட்டையைத் தொங்கவிடும் விருந்தினர் இதனை அறிந்திருத்தல் அரிது.

இத்தகைய வீட்டில் விடுமுறையைக் கழித்தோருள் மிகப் புகழ்பெற்றவர் நாடகாசிரியர் ஜோன் மில்லிங்டன் சிங் ஆவார். பாரிஸ் நகரில் இலக்கியம் பயின்றுகொண்டிருந்த அவரை, அரான் தீவுகளுக்குச் சென்று அம்மக்களோடு வாழுமாறு கவிஞர் யேட்ஸ் தூண்டினார். 1898 முதல் 1902 வரை ஐந்து முறை சென்ற அவர், கால்வே வளைகுடாவின் வாயிலிலுள்ள அத்தீவுகளுள் நடுத்தீவாகிய இனிஷ்மானில் ஒரு வைக்கோற் கூரை வீட்டிற் குடியிருந்து, ஐரிஷ் மொழி கற்று, அடுப்பங்கரைக் கதைகளைக் குறித்துக்கொண்டார். 1907இல் வெளிவந்த ‘அரான் தீவுகள்’ என்னும் அவரது நூலில் அவ்வீடு முழுமையாக நிற்கின்றது.

அந்நூலில் உள்ள ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. வீட்டுச் சமையற்கட்டுக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக எதிரெதிரே இரு வாயில்கள். காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றதோ அத்திசைக் கதவைச் சாத்தி, மற்றதைத் திறந்துவைப்பர். வடகாற்று வீசும் நாளிலே தெற்கு வாயில் திறந்திருக்கும். கதவுநிலையின் நிழல் தரையில் நகர்வதைக் கொண்டு வீட்டுக் கிழவி நேரத்தை அறிந்துகொள்வார். காற்றுத் திசைமாறினாலோ வடக்குக் கதவு திறக்கப்படும், நிழல் இல்லை, ஆகவே நேரமும் இல்லை. அத்தகைய நாள்களில் ஆறு மணிக்குத் தரவேண்டிய தேநீரை அவர் மூன்று மணிக்கே ஆக்கிவிடுவார். விருந்தினர் இப்பொழுது வேண்டாமென்றால், அதனை மூன்று மணிநேரம் தணலருகே வைத்துக் காய்ச்சி, சூடு போதுமோ என்ற கவலையோடு ஆறு மணிக்குக் கொண்டுவருவாராம். இன்றைய விடுமுறைக் குடிசைகளிற் கடிகாரம் உண்டு. தேநீரையும் அவரவரே போட்டுக்கொள்கின்றனர். கவலைப்படுவதற்கு ஒரு கிழவி இல்லாமை பெரிய குறையே.

கூரை வேய்வது அத்தீவில் ஊர் கூடிச் செய்யும் வேலையாயிருந்ததென்றும், ஏறத்தாழ ஒரு திருவிழாப் போன்ற மகிழ்ச்சியோடு அது நடந்ததென்றும் சிங் எழுதுகின்றார். அதே நூலில் அவர் கண்ட வேறொரு காட்சியும் உண்டு. வாரக்குத்தகை கட்டாத குடும்பங்களைக் குடியெழுப்புவதற்காகப் பொலிசார் படகில் வந்திறங்கினர். ஒரு வீட்டினுட் புகுந்து, கட்டிலையும் பானையையும் ஒவ்வொன்றாக வெளியே தூக்கி வைத்தனர். முப்பது ஆண்டுகளாக அடுப்பைப் பேணிய பெண்ணை அவ்வடுப்பினின்றும் அகற்றுவதைவிடக் கொடிய அவமானம் அம்மக்களுக்கு வேறில்லை என்பதனை அவ்விருந்தினர் உணர்ந்துகொண்டார். சிங் தங்கிய அவ்வீடு பின்னர் செப்பனிடப்பட்டு, 1999 முதல் நூதனசாலையாகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றது.

இக்கூரைகளின் அழகைப் பேசும்போது இக்கதையை ஒதுக்கிவிட முடியாது. 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அயர்லாந்தின் வீடுகளை நான்கு தரங்களாகப் பிரித்தது. ஓர் அறை மாத்திரம் உள்ள மண்குடிசை நான்காந் தரம். அத்தகையவை ஏறத்தாழ 490,000 இருந்தன. நாட்டிலுள்ள வீடுகளில் மூன்றில் ஒரு பங்கினும் அதிகம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது, பஞ்சம் தொடர்ந்தது. பத்தாண்டு கழித்து, 1851இல் எடுத்த மதிப்பில், நான்காந் தர வீடுகள் ஏறத்தாழ 135,000 என்று காணப்பட்டது. ஏழைகளுக்கு நல்ல வீடு கிடைத்ததனால் வந்த குறைவு அன்று அது. 81 இலட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 65 இலட்சம் அளவுக்கு இறங்கியிருந்தது. எஞ்சியோர் இறந்தனர் அல்லது கப்பலேறினர்.

கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போர்க்கு நிவாரணம் இல்லையென 1847இல் ஒரு விதி பிறந்தது. சோறு வேண்டின் நிலத்தை விடவேண்டும். நிலத்தை விட்டவர் வீட்டிற் தங்கிவிடாதபடி, காணிச் சொந்தக்காரரின் ஆட்கள் முதலிற் கைவைத்தது கூரையிலேயே. சுவரை இடிக்க நேரமாகும். வைக்கோலை இழுத்து எறியவும் வளைமரத்தை அறுத்து வீழ்த்தவும் சிறிது பொழுது போதும். கூரையற்ற வீட்டில் அயர்லாந்தின் குளிர்காலத்தை எவரும் கழிக்கமுடியாது. கிளேயர் மாவட்டத்தின் மேற்கு முனையிலுள்ள மோவீன் என்னும் ஊர் முழுவதும் கூரையிழந்து நிற்கும் காட்சியை, 1849ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனிலிருந்து வெளிவந்த படப்பத்திரிகை ஒன்று அச்சிட்டது. வரிசையாக முக்கோணச் சுவர்கள். அவற்றின் மேல் வெறும் வானம்.

ஆதலின், பிற்காலத்தில் வசதி வந்தவுடன் மக்கள் வைக்கோலைக் கைவிட்டமைக்கு வியப்படைய ஒன்றுமில்லை. 1930களில் அரசாங்கம் வீடமைப்புக்கு உதவித்தொகை வழங்கியது. 1946இற் கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் வேலை தொடங்கியது. கற்பலகை ஓடு வேய்ந்த வீடு மதிப்பின் அடையாளமாயிற்று. வைக்கோற் கூரை ஒழுகும், எலி குடிகொள்ளும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செலவு வைக்கும், அதற்கெல்லாம் மேலாக, வறுமையை ஊருக்குப் பறைசாற்றும். அக்கூரையின் கீழ்ப் பிறந்து வளர்ந்த ஒரு தாய், ஓட்டு வீட்டுக்குக் குடிபோன நாளிற் கண்ணீர் விட்டிருப்பாரெனில் அது பெரும்பாலும் மகிழ்ச்சியினாலேயே. பழைய வீடு மாட்டுத் தொழுவமாயிற்று. அல்லது தகரம் போர்த்தப்பட்டது. அல்லது மழையில் கரைந்தது.

அது மீண்டும் தலைநிமிர்ந்தது ஒரு விமான நிலையத்தின் கவலையினாலே என்பது விந்தையான உண்மை. அத்லாந்திக் கடலைக் கடக்கும் விமானங்கள் முன்னர் எரிபொருள் நிரப்புவதற்காக ஷனன் விமான நிலையத்தில் இறங்கியே தீரவேண்டியிருந்தது. ஜெற் விமானங்கள் வந்தபின் அந்தத் தேவை குன்றியது. பயணிகள் தாமே விரும்பி இறங்கும்படி ஏதேனும் செய்தாக வேண்டும். 1959இல் அமைக்கப்பட்ட ஷனன் அபிவிருத்திக் கம்பனி அதனைத் தன் பணியாக ஏற்றது. ஓடுபாதையை நீட்டுவதற்காக இடிக்கப்படவிருந்த ஒரு பழைய பண்ணைவீட்டைக் கல்லுக்குக் கல் பெயர்த்துச் சென்று பன்றற்றிக் கோட்டையின் அருகில் நிறுவினர்; 1964இல் அங்கே நாட்டார் வாழ்க்கைப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. 1968இல் குடிசைகளை வாடகைக்கு விடும் திட்டம் தொடங்கியது. கிளேயர் மாவட்டத்தின் வடகரையிலுள்ள பலிவோன் போன்ற ஊர்களில், வைக்கோற் கூரையும் அரைக்கதவும் திறந்த அடுப்பும் உடைய புதிய வீடுகள் கூட்டங்கூட்டமாக எழுந்தன. உள்ளே வெந்நீர்க் குழாயும் குளிர்சாதனப் பெட்டியும் இருந்தன.

இவற்றை வெறும் வேடம் என்று இகழ்வோர் உளர். புதிய சுவரின்மேற் பழைய தொப்பி என்பது அவர்கள் கூற்று. அதில் உண்மை இல்லாமலில்லை. பழைய வீட்டிற் குழந்தைகள் எட்டுப்பேர் ஓரறையிற் படுத்துறங்கினர், வெந்நீர்க் குழாயை எவரும் கண்டதில்லை. ஆயினும் வந்தோர் யார் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவர்களுட் பலர் பொஸ்ரன், நியூயோர்க், சிக்காகோ நகரங்களிலிருந்து வந்த ஐரிஷ் வமிசத்தினர். பாட்டன் எந்தக் கூரையை விட்டு ஓடினானோ, அதே போன்ற கூரையின் கீழ் ஒரு கிழமை உறங்குவதற்குப் பேரன் கூலி கொடுத்தான். அந்தக் கூலியினால், கைவிடப்படவிருந்த கூரைத் தொழிலுக்குச் சிறிது வேலை கிடைத்தது. உழவர் தம் தாத்தாவின் பாழடைந்த வீட்டைச் செப்பனிட்டு வாடகைக்கு விடவும் துணிந்தனர். இன்றும் விருந்தினர் தங்கும் உண்மையான பழைய வீடுகள் பல அவ்வாறு பிழைத்தவையே.

அவை தொடர்ந்து பிழைப்பது எளிதன்று. நல்ல கூரைக்கு நீண்ட, முறியாத தாள் வேண்டும். இக்காலத்துக் கோதுமை குட்டையான இனம். பசளை மிகுந்து வளர்ந்த தாள் வலுவற்றது. அறுவடை இயந்திரம் அதனையும் நசுக்கித் துப்புகின்றது. கூரை வேய்பவர் தமக்கென ஒரு துண்டு நிலத்திற் பழைய இனத்தை விதைத்து, பழைய கட்டும் இயந்திரத்தால் அறுத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அல்லது துருக்கி போன்ற தூரதேசங்களிலிருந்து வரும் நாணலை விலைக்கு வாங்குகின்றார். காப்புறுதி அதனினும் பெரிய இடர். வைக்கோற் கூரைக்குத் தீக்காப்புறுதி வழங்கக் கம்பனிகள் தயங்குகின்றன. வழங்குவோர் கேட்கும் தொகையைச் சிறிய வீட்டுக்காரர் தாங்கமுடியாது. காப்புறுதியில்லாமல் விருந்தினரைத் தங்கவைக்கவும் முடியாது. முற்காலத்திற் பிப்ரவரி முதல் நாளாகிய புனித பிரிஜித் திருநாளின் முன்னிரவில், கோரைப்புல்லாற் பின்னிய சிலுவை ஒன்றைக் கூரையின் உட்புறத்திற் செருகிவைப்பர். தீ அண்டாது என்பது நம்பிக்கை. பழைய கூரைகளில் ஆண்டுக்கொன்றாகச் செருகிய சிலுவைகள் இன்றும் காணப்படுகின்றன. அந்தக் காப்புறுதிக்குச் செலவு இல்லை.

கரிமண்ணுக்கும் காலம் மாறிவிட்டது. சதுப்பு நிலங்களைக் காக்கவும், புகையைக் குறைக்கவும் வேண்டி, கடைகளிலும் விளம்பரத்தின் மூலமும் கரிமண் விற்பதை 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்த விதி தடைசெய்தது. வெட்டும் உரிமையுடைய குடும்பங்கள் தம் தேவைக்கு வெட்டிக்கொள்ளலாம். விடுமுறை வீடுகள் பலவற்றிற் திறந்த அடுப்பின் இடத்தில் இரும்புக் கதவுள்ள விறகடுப்பு வந்துவிட்டது. கூரைக்கு அதன் பொறியும் மிகுந்த சூடும் ஆபத்தானவை என்பதால், புகைக்கூண்டை ஒழுங்காகத் துப்புரவு செய்வதும் வீட்டுக்காரரின் கவலைகளுள் ஒன்றாகும்.

சனிக்கிழமை காலையில் விருந்தினர் திறப்பைக் கையளித்துவிட்டுப் புறப்படுவர். வீட்டுக்காரர் வந்து படுக்கை விரிப்பை மாற்றுமுன் ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்து, அண்ணாந்து முகட்டைப் பார்ப்பார். காகம் கிளறிய இடம் உண்டோ, பாசி படர்ந்த பக்கம் எது என்று கணக்கெடுத்துக்கொள்வார். ஒக்டோபர் முடிந்தால் வருவோர் அருகிவிடுவர். அதன்பின்னும் சில நாள்களுக்கு ஒருமுறை அவர் வந்து கதவைத் திறந்து, அடுப்பை மூட்டி, மாலைவரை எரியவிட்டுப் போவார். நெருப்பில்லாத வீட்டில் ஈரம் முதலிற் சுவரில் ஏறும். பிறகு கைமரத்துக்குச் செல்லும். வசந்த காலத்தில் முதல் விருந்தினர் வருமுன் கூரை ஒருபுறம் தாழ்ந்திருக்கும்.